நீர்நாயும் நகரத்து நீரும்

நீர்நிலை ஒன்று நல்ல நிலையில் உள்ளதா, கெட்டுவிட்டதா என்பதை அறிய விரும்புவோர் முதலில் அதன் நிறத்தையே நோக்குகின்றனர். தெளிந்த நீர் நன்று, கலங்கிய நீர் தீது என்பது உலக வழக்கு. இவ்வழக்கு எல்லா இடத்தும் பொருந்துவதன்று. கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரில் நஞ்சு கலந்திருக்கலாம். பச்சை நிறம் படர்ந்து, கழிவு கலந்து காணப்படும் குளத்தில் மீன்கள் செழித்து வளரலாம். ஆகவே நீரின் தன்மையை அறிய இரசாயனச் சோதனைகள் இன்றியமையாதவை. அச்சோதனைகளுக்குத் துணையாக நிற்கும் மற்றொரு சான்றும் உண்டு. ஒரு நீர்நிலையின் மீனையே உணவாகக் கொண்டு வாழும் பிராணிகள் அங்கே நிலைத்திருக்கின்றனவா, மறைந்துவிட்டனவா என்பதே அச்சான்று. அத்தகைய பிராணிகளுள் தலையாயது நீர்நாய்.

களப்பணியாளர்களும் பள்ளி ஆசிரியர்களும் தத்தம் ஊர் நீர்நிலைகளை ஆராய்வதற்கு உதவும் பொருட்டு, கல்கத்தா நகரின் தென்பகுதியிலுள்ள டாக்குரியாவையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடம் அமைக்கப்பட்டுள்ளது. டாக்குரியாவின் மேற்கே வெட்டப்பட்ட ஏரி ஒன்றும், கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் பரந்த சதுப்பு நிலமும் இருத்தலால், இருவகை நீரை ஒப்பிட்டு நோக்க இவ்விடம் மிகவும் ஏற்றது.

நீர்நாயின் இயல்பு

பெயரில் நாய் எனினும் நீர்நாய் நாயினத்தைச் சேர்ந்ததன்று. வீசல், பாட்ஜர் முதலியன அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்த ஊனுண்ணி இது. நீண்டு மெலிந்த உடல், குட்டையான கால்கள், விரல்களை இணைக்கும் சவ்வு, அடிப்பகுதி பருத்து நுனி நோக்கி ஒடுங்கிய வால் ஆகியவை நீந்துவதற்கு ஏற்ற அமைப்புகளாம். நீரில் மூழ்குங்கால் காதுகளும் மூக்குத் துளைகளும் மூடிக்கொள்ளும். கலங்கிய நீரில் கண் பயன்படாதபோது, விறைப்பான மீசைமயிர்கள் மீனின் அசைவை உணர்ந்து வழிகாட்டும்.

திமிங்கிலம், கடல்நாய் முதலியவற்றிற்குத் தோலின் கீழ்த் தடித்த கொழுப்புப் படலம் உண்டு. அது குளிரைத் தடுக்கிறது. நீர்நாய்க்கு அத்தகைய படலம் இல்லை. அதன் மயிர் இரண்டு அடுக்காக அமைந்துள்ளது. உள்ளடுக்கிலுள்ள மெல்லிய அடர்ந்த மயிர்களினிடையே காற்று தங்கி, தோல் நனையாமல் காக்கிறது. எண்ணெயோ பிசுபிசுப்பான கழிவோ படிந்தால் இவ்வமைப்புக் குலைந்துவிடும். எனவே நீர் மாசுறும்போது நீர்நாய்க்கு உணவினால் மட்டுமன்றி உடையினாலும் கேடு நேர்கிறது எனலாம்.

இந்தியாவில் மூன்று வகை நீர்நாய்கள் வாழ்கின்றன. முதலாவது, வழுவழுப்பான மயிருடைய நீர்நாய். இது 7 முதல் 11 கிலோகிராம் வரை எடையுள்ளது. வாலின் நுனிப்பகுதி தட்டையானது. சமவெளி ஆறுகளிலும் கழிமுகங்களிலும் குடும்பமாகத் திரிவது. தமிழ்நாட்டில் காவிரியிலும் மோயாற்றிலும் காணப்படுவது இவ்வகையே. இரண்டாவது, ஐரோப்பாவிலிருந்து ஆசியா வரை பரவியுள்ள நீர்நாய். இது இந்நாட்டில் பெரும்பாலும் மலையோடைகளை நாடுவது. மூன்றாவது, சிறுநக நீர்நாய். உலகிலுள்ள நீர்நாய்களுள் இதுவே மிகச் சிறியது. எடை 5 கிலோகிராமுக்கு மேற்படுவது அரிது. நண்டே இதன் முதன்மையான உணவு. நீலகிரி, ஆனைமலை ஓடைகளிலும் வங்காளத்தின் சுந்தரவனத்திலும் இதனைக் காணலாம். இம்மூன்றும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுகின்றன. முதலாம், மூன்றாம் வகைகளின் பன்னாட்டு வணிகம் 2019-இல் சர்வதேச உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் சேர்க்கப்பட்டுத் தடைசெய்யப்பட்டது.

ஏட்டிலும் நாட்டு வழக்கிலும் நீர்நாய்

நீரில் வாழும் இப்பிராணியைத் தமிழர் நாய் என்றனர்; வங்காளத்தாரோ பூனை என்றனர். வங்காள மொழியில் இதற்கு வழங்கும் ‘உத்பிரால்’ என்னும் சொல்லின் பிற்பகுதி பூனையைக் குறிக்கும். முற்பகுதி ‘உத்ர’ என்னும் வடசொல்லோடு தொடர்புடையது. ஆங்கிலத்தின் ‘ஆட்டர்’ என்னும் சொல்லும் அதே மூலத்திலிருந்து கிளைத்தது என்பர் மொழிநூலார். நீர் என்பதே அம்மூலத்தின் பொருள். பேச்சு வழக்கில் ‘போந்தோர்’ என்ற பெயரும் உண்டு.

வங்காளக் குழந்தைகள் யாவரும் அறிந்த தாலாட்டு வகைப் பாட்டொன்றில் போவால் என்னும் மீனும், நடனமாடும் நீர்நாயும் ஒருங்கே வருகின்றன. போவால் மீன் வேறெதுவுமன்று. நம் ஆறு குளங்களில் வாழும் வாளை மீனே அது. நம் சங்க இலக்கியத்தின் மருதத்திணைப் பாடல்களிலும் நீர்நாய் தன் நாளுணவாகக் கொள்ளும் மீன் வாளை என்றே கூறப்படுகிறது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் புலவரும், பெயர் தெரியாத வங்காளத் தாய்மாரும் ஒருவரையொருவர் அறியார். எனினும் இரு நாட்டிலும் ஒரே மீனும் ஒரே விலங்கும் இணைத்துச் சொல்லப்படுகின்றன. இரு நாட்டு வயல்புறத்து நீரிலும் இவ்விரண்டும் சேர்ந்து வாழ்ந்தன என்பதற்கு இது சான்றாகும்.

ஜாதகக் கதைகளுள் ஒன்று, பிடித்த மீனைப் பங்கிடுவதில் பூசலிட்ட இரு நீர்நாய்களைப் பற்றியது. நடுவராக வந்த நரி தலையை ஒன்றுக்கும் வாலை மற்றொன்றுக்கும் கொடுத்து, நடுத்துண்டைத் தான் கொண்டுசென்றதாம். நீதிக்காகச் சொல்லப்பட்ட இக்கதையில் விலங்கியலார்க்குப் பயன்படும் செய்தி ஒன்றுண்டு. ஒரு நீர்நாயின் பெயர் ஆழத்தில் திரிவது என்றும், மற்றதன் பெயர் கரையோரம் திரிவது என்றும் பொருள்படும். வழுவழுப்பான மயிருடைய நீர்நாய்கள் பல கூடி, மீன்கூட்டத்தைச் சூழ்ந்து ஒருபுறம் ஒதுக்கி வேட்டையாடும் வழக்கத்தைக் கண்ணாரக் கண்டவர்க்கு இப்பெயர்களின் பொருத்தம் விளங்கும்.

இவ்வழக்கத்தை மீனவரும் பயன்படுத்திக்கொண்டனர். இன்றைய வங்காள தேசத்தில், நரைல் மாவட்டத்து மீனவர் சிலர் நீர்நாய்களை வளர்த்துப் பழக்கி, மூங்கிற் கழியில் கயிற்றால் பிணைத்து, படகின் பக்கத்தே நீரில் விடுவர். நீர்நாய் மீனைப் பிடித்துக் கொடுப்பதில்லை. கரையோரப் புதர்களிலும் வேர்களிலும் ஒளிந்திருக்கும் மீனை வெருட்டி வலைக்குள் ஓட்டுவதே அதன் தொழில். தலைமுறை தலைமுறையாக வந்த இத்தொழில், ஆறுகளில் மீன் குறைந்தமையால் இப்போது அருகி வருகிறது.

இவ்வாறு நாட்டு வழக்கைத் தொகுத்து நோக்கும் ஆசிரியர் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். ஒரு பாட்டில் ஒரு பிராணி வருதலால் அது இன்றும் அவ்வூரில் உள்ளது என்று முடிவு கட்டலாகாது. அது முன்பு மக்கள் அறிந்த பிராணி என்பது மட்டுமே அதனால் தெரியும். இன்று உள்ளதா என்பதற்கு அடிச்சுவடும் எச்சமும் நேரிற் கண்ட குறிப்புமே சான்றுகள்.

டாக்குரியாவின் இரு நீர்கள்

டாக்குரியா ஏரி இயற்கையாக அமைந்ததன்று. 1920-ஆம் ஆண்டுகளில் கல்கத்தா நகர அபிவிருத்தி டிரஸ்ட் என்னும் அமைப்பு, காடும் சேறுமாயிருந்த ஏறத்தாழ 190 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தி, குடியிருப்புகள் அமைக்கும் திட்டத்தின் பகுதியாக இவ்வேரியை வெட்டியது. 1958-இல் கவிஞர் இரவீந்திரநாத தாகூரின் நினைவாக இதற்கு ‘இரவீந்திர சரோவர்’ எனப் பெயரிடப்பட்டது. நாற்புறமும் சாலைகளும் வீடுகளும் சூழ்ந்த இவ்வேரி நீர்நாய் குடியிருக்கத்தக்க இடமன்று. ஆள் நடமாட்டமில்லாத கரையும் தொடர்ச்சியான நீர்வழியும் அதற்கு வேண்டும். எனினும் மீன், ஆமை, நீர்க்காகம், மீன்கொத்தி முதலியன இங்கே வாழ்கின்றன. குளிர்காலத்தில் வெளியிடப் பறவைகளும் வருகின்றன.

மூடிய ஏரியாதலின் இதில் விழும் பொருள்கள் வெளியேற வழியில்லை. பூவும் நெய்யும் எண்ணெயும் உணவுப் பண்டங்களும் ஒரே நாளில் மிகுதியாகச் சேர்ந்தால் நீர் அதனைத் தாங்காது. இதன் பொருட்டே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் இவ்வேரியில் சத் பூஜை நடத்துவதற்குத் தடை விதித்தது. 2019-இல் மக்கள் கூட்டமாகப் பூட்டிய வாயில்களைத் திறந்து உட்புகுந்து வழிபாடு நடத்தினர். 2020-இல் தடை நிலைநிறுத்தப்பட்டு, மாற்றுக் குளங்கள் ஒதுக்கப்பட்டன. வழிபடுவோரின் பக்தி குறைகூறத்தக்கதன்று. ஏரியின் தாங்கும் ஆற்றல் அளவுடையது என்பதே இங்கு அறியவேண்டுவது.

கிழக்கேயுள்ள சதுப்பு நிலத்தின் வரலாறு வேறு. முற்காலத்தில் கல்கத்தாவின் கழிவுநீரை ஏற்றுக் கடலுக்குக் கொண்டுசென்ற வித்யாதரி ஆறு வண்டல் படிந்து தூர்ந்து, 1928-இல் பயனற்றதாயிற்று. உப்புநீர் வரத்து நின்றுபோன சதுப்பில் நகரத்தின் சாக்கடை நீரைப் பாய்ச்சி மீன் வளர்க்கும் முறை பின்னர்ப் பரவியது. ‘பேரி’ எனப்படும் இம்மீன் குளங்கள் ஏறத்தாழ 250 உள்ளன. 1960-ஆம் ஆண்டுகளில் சதுப்பின் வடபகுதி மண்ணிட்டு நிரப்பப்பட்டு உப்பேரி நகரம் எழுந்தது. எஞ்சிய பகுதியின் அருமையைப் பொறியியல் அறிஞர் துருவஜோதி கோஷ் பல ஆண்டுகள் ஆராய்ந்து உலகிற்கு எடுத்துரைத்தார். 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இந்நிலம் 2002-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் இடம்பெற்றது. 2006-இல் இதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது.

அழுக்கு வேறு, நஞ்சு வேறு

சாக்கடை நீரில் மீன் வாழ்வது எவ்வாறு என்று மாணவர் கேட்பர். பேரிகள் ஆழம் குறைந்தவை. வெயில் அடிவரை செல்லும். முதலில் குளத்தை வற்றவைத்து உலர்த்தி, பின்பு கழிவுநீரைப் பாய்ச்சிச் சில வாரங்கள் அப்படியே விட்டுவைப்பர். நுண்கிருமிகள் கழிவிலுள்ள பொருள்களைச் சிதைத்து எளிய உப்புகளாக்கும். அவ்வுப்புகளை உண்டு பாசி பெருகும். பாசி, சூரிய ஒளியின் உதவியால் பிராணவாயுவை வெளிவிடும். பாசியைச் சிறு நீருயிர்களும், அவற்றை மீன்களும் உண்ணும். இவ்வாறு நகரத்தின் அழுக்கு நகரத்தாரின் உணவாக மாறுகிறது. கரையோரம் வளர்க்கப்படும் ஆகாயத்தாமரை, அலை மோதிக் கரை கரையாமல் காப்பதோடு உலோகங்கள் சிலவற்றையும் வேர்களால் உறிஞ்சுகிறது.

அளவு மீறினால் இதே அழுக்கு கேடாகும். கழிவு மிகுந்த நீரில் நுண்கிருமிகள் பிராணவாயுவை மிகுதியாகச் செலவிடும். இரவில் ஒளியின்மையால் பாசியும் பிராணவாயுவை வெளிவிடாது, தானும் அதனை உட்கொள்ளும். ஆகவே விடியற்காலையில் பிராணவாயு மிகக் குறைந்து, மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திணறும். இந்நிலையைத் திருத்த முடியும். கழிவின் வரத்தைக் குறைத்தால் நீர் தானே தேறும்.

நஞ்சின் தன்மை இத்தகையதன்று. நுண்கிருமிகளால் எளிதிற் சிதைக்க முடியாத சில பொருள்கள் உயிரினங்களின் கொழுப்பிலும் தசையிலும் தங்கிவிடுகின்றன. சிறு நீருயிரைச் சிறுமீனும், சிறுமீனைப் பெருமீனும், பெருமீனைப் பறவையும் விலங்கும் உண்ணுந்தோறும் நஞ்சின் செறிவு படிப்படியாக உயர்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள கிளியர் ஏரியில், கொசுவைப் போன்ற பூச்சிகளை ஒழிக்க டி.டி.டி. என்னும் மருந்து 1949-லும், மீண்டும் 1954-லும் 1957-லும் இடப்பட்டது. பின்னிரு முறைகளில் இடப்பட்ட அளவு 5 கோடிப் பங்கு நீருக்கு 1 பங்கு மருந்தே. ஏரியின் முக்குளிப்பான் பறவைகள் இறக்கத் தொடங்கின. அவற்றின் கொழுப்பை ஆராய்ந்தபோது 10 இலட்சம் பங்கில் 1,600 பங்கு மருந்து காணப்பட்டது. அஃதாவது நீரிலிருந்ததைப் போல் 80,000 மடங்கு. நீரை மட்டும் சோதித்தவர் அபாயம் இல்லையென்றே கருதியிருப்பர்.

நீர்நாய்க்கும் இதுவே நேர்ந்தது. இங்கிலாந்தில் 1950-ஆம் ஆண்டுகளின் நடுவில் டீல்ட்ரின் முதலிய பூச்சிக்கொல்லிகள் விதைகளுக்கும் ஆடுகளுக்கும் பயன்படுத்தப்பட்டன. சில ஆண்டுகளில் ஆறுகளிலிருந்து நீர்நாய்கள் மறையத் தொடங்கின. அம்மருந்துகள் கட்டுப்படுத்தப்பட்ட பின் அவை மெல்ல மெல்லத் திரும்பின. எல்லா மாவட்டங்களிலும் நீர்நாய் மீண்டும் உண்டு என்று உறுதியாகக் கூறும் நிலை 2011-இலேயே ஏற்பட்டது. கெடுப்பதற்குச் சில ஆண்டுகள் போதும். மீள்வதற்கு அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

ஜப்பானில் மினமாட்டா என்னும் கடற்கரை ஊரில், மீனை உண்ட பூனைகள் தள்ளாடித் துள்ளி விழுந்து இறந்தன. அதனை ஊரார் பூனைகளின் நாட்டியம் என்று கூறினர். மனிதரிடத்தும் அந்நோய் தோன்றியிருப்பது 1956-இல் முறையாக அறியப்பட்டது. தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரசக் கூட்டுப்பொருளே காரணம் என்று அந்நாட்டு அரசாங்கம் ஒப்புக்கொண்டது 1968-இல். பூனையும் நீர்நாயும் மனிதனும் ஒரே மீனை உண்பவர்கள். ஆகவே பிராணிகளுக்கு நேர்வதை நமக்கு நேரக்கூடியதன் முன்னறிவிப்பாகக் கொள்ளல் வேண்டும்.

கல்கத்தாவிலும் இவ்வேறுபாடு உணரப்பட்டது. நகரின் கிழக்கே தாங்க்ரா, தில்ஜலா, தோப்சியா பகுதிகளிலிருந்த தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவில் குரோமியம் என்னும் உலோகம் உண்டு. இது பாதரசத்தைப் போல உணவுத் தொடரில் படிப்படியாகப் பெருகுவதன்று. எனினும் சேற்றில் படிந்து நீண்டகாலம் தங்கக்கூடியது. இத்தொழிற்சாலைகளைப் பன்தாலாவுக்கு மாற்றுமாறு உச்ச நீதிமன்றம் 1996-இல் ஆணையிட்டது. பேரிக்கு வேண்டுவது வீட்டுக் கழிவு. தொழிற்கழிவு அதனோடு கலக்கலாகாது. கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் முயற்சிகள் அனைத்தும் இப்பிரிவினையிலிருந்தே தொடங்க வேண்டும்.

உடன்வாழும் பிராணிகள்

வங்காளத்துச் சதுப்புகளின் மற்றொரு மீனுண்ணி, மீன்பிடிப் பூனை. வீட்டுப் பூனையைவிட ஏறத்தாழ இருமடங்கு பருமனும், சாம்பல் நிறத்தின்மேல் கரும்புள்ளிகளும் உடையது. நீருக்கஞ்சாது பாய்ந்து மீன் பிடிக்கும். மேற்கு வங்காளத்தின் மாநில விலங்கும் இதுவே. சிறுத்தைக் குட்டி என்று அஞ்சி இதனைக் கொல்வோர் உளர். அவ்வச்சத்தைப் போக்குவது ஆசிரியரின் கடமை.

கல்கத்தாவில் 1916-இல் நிறுவப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆர். கே. கோஷ், உப்பேரிச் சதுப்பில் வாழும் கீரியைப் புதிய இனமெனக் கொண்டு 1965-இல் விவரித்தார். பின்வந்த அறிஞர் பலர் அதனைத் தனி இனமாகக் கொள்ளாது, சிறுகீரியின் உட்பிரிவாகக் கருதினர். எவ்வாறாயினும், பெருநகரின் எல்லையிலேயே விஞ்ஞானம் பெயரிட்டறியாத விலங்கொன்று வாழக்கூடும் என்பதையும், அதற்குப் பெயரிடப்பட்ட ஆண்டுகளிலேயே அதன் சதுப்பு மண்ணிட்டு மூடப்பட்டு வந்தது என்பதையும் இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

களப்பணியாளர்க்குச் சில குறிப்புகள்

நீர்நாயையும் மீன்பிடிப் பூனையையும் கீரியையும் இருளில் கண்டவர் ஒன்றை மற்றொன்றாகக் கூறுவது இயல்பு. எனவே பின்வருவனவற்றைக் கவனித்தல் நலம்.

1. அடிச்சுவடு: நீர்நாயின் சுவட்டில் ஐந்து விரல்கள் பதியும், ஈரமண்ணில் சவ்வின் தடமும் சில இடங்களில் தெரியும். சிறுநக நீர்நாயின் சுவட்டில் நகத்தின் பதிவு இராது. பூனையின் சுவட்டில் நான்கு விரல்களே காணப்படும்.

2. எச்சம்: நீர்நாய்கள் கரையிலுள்ள மேட்டிலோ பாறையிலோ ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் எச்சமிடும். அதில் மீன் செதிலும் முள்ளும் நிறைந்திருக்கும். நண்டோட்டுத் துண்டுகளே மிகுந்திருப்பின் சிறுநக நீர்நாய் என்று ஐயுறலாம்.

3. கேள்விச் செய்தி: மீனவர் கூறுவதைத் தனி ஏட்டில், கூறிய நாள், இடம், கண்ட ஆண்டு ஆகியவற்றுடன் எழுதுக. நேரிற் கண்டதனோடு கலந்தெழுதற்க.

4. இழப்பு: மீன் வளர்ப்போரின் முறையீட்டைப் புறக்கணிக்கலாகாது. வளர்ப்பிடத்தில் முதிர்ந்த நீர்நாய் ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் உணவு கொள்கிறது. ஐந்து நீர்நாய்கள் குடும்பமாக ஒரே குளத்திற்கு வந்தால் சிறு பண்ணையாளர்க்கு அது பெருநட்டமே. வேலியிடுதல், இரவுக் காவல் முதலிய வழிகளை அவரோடு கலந்து ஆராய்தல் வேண்டும். அவருடைய குறையைக் கேளாமல் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது பயன் தராது.

பள்ளியில் செய்யத்தக்க பயிற்சி

உள்ளூர்க் குளம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பெரியவர் ஒருவரின் துணையுடன் மாணவரை அழைத்துச் செல்க. வெள்ளைத் தட்டு ஒன்றை நூலிற் கட்டி நீரில் இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளந்து எழுதச் செய்க. விடியற்காலையிலும் நண்பகலிலும் மீன்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதைக் குறிக்கச் சொல்க. நீர்க்காகம், மீன்கொத்தி, மடையான் ஆகியவற்றை வாரந்தோறும் எண்ணுக. குளத்திற்கு வரும் கால்வாய்கள் எங்கிருந்து வருகின்றன, அவற்றில் கலப்பது வீட்டுக் கழிவா தொழிற்கழிவா என்று வரைபடத்தில் காட்டுக. ஊர் முதியோரிடம், தம் இளமையில் அக்குளத்தில் கண்ட பிராணிகள் எவை, இப்போது காணாதவை எவை என்று கேட்டு இரு பட்டியல்களாக எழுதுக.

இவ்விரு பட்டியல்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடே அக்குளத்தின் வரலாறு. கால்வாய்களின் வரைபடத்தை அதனருகே வைத்து நோக்கினால், அவ்வேறுபாட்டிற்குக் காரணம் அழுக்கா, நஞ்சா, அன்றிக் கரையை மண்ணிட்டு நிரப்பியதா என்று ஆராய்வதற்கு வழி பிறக்கும். அழுக்காயின் அதன் வரத்தைக் குறைக்கலாம். நஞ்சாயின் அது புறப்படும் இடத்திலேயே தடுத்தல் வேண்டும். நிரப்பப்பட்ட நிலமோ மீள்வதரிது. ஆண்டுதோறும் இப்பயிற்சியைச் செய்து, ஏடுகளைப் பள்ளியிலேயே காத்துவைத்தால், பின்வரும் ஆசிரியர்க்கும் ஊராட்சியினர்க்கும் அவை நம்பத்தக்க சான்றாக விளங்கும்.